கிடைத்த தகவலின்படி

அவர் சொல்வார், நான் எழுதுவேன்.
பதினெட்டு வருஷம் இப்படியே போயிற்று,
ஹல் நகரக் காவல் அலுவலகத்தின் பின்னறையில்.
இடது பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.
பெருவிரல் மூட்டு புடைத்த கால்,
இருபத்திரண்டு வயதில் தொடங்கிய
இராப்பாராவின் சம்பாத்தியம்.

முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்.
அவர் வாய் திறக்குமுன்பே
எழுதி வைத்துவிடுவேன்.

கிடைத்த தகவலின்படி
மீன்துறைக்குப் பின்னால் ஒரு வீடு சோதனையிடப்பட்டது.
கிடைத்த தகவலின்படி
நார்வே மரக்கப்பலில் பலகைகளுக்கு நடுவே
ஒளிந்திருந்தவன் இறக்கப்பட்டான்.
தகவல் என்பது ஹம்பர் ஆற்று மூடுபனி போலத்
தானாக வந்து படிவது என்றே
மாஜிஸ்திரேட்டுகள் நினைத்திருக்க வேண்டும்.
யாரும் கேட்டதில்லை.
நானும்தான்.

கான்ஸ்டபிள், சார்ஜெண்ட்,
சீருடை களைந்து சாதாரணக் கோட்டு,
இன்ஸ்பெக்டர், கடைசியில்
சூப்பரிண்டெண்டென்ட் ஆபடையா வின்ட்ரிங்கம்.
ரேகை பார்ப்பதென்றால் அன்று
சந்தைக் கூடாரத்துக் குறிகாரியின் பிழைப்பு.
அவரிடம் இருந்தது ஒரு நோட்டு,
ஒரே கோப்பை பீரை
இரண்டு மணி நேரம் குடிக்கும் பொறுமை,
அப்புறம் அந்த ஞாபகம்.
ஒரு திருடனின் ஐந்து பொய்ப்பெயரையும்
மாட்டிய வருஷ வரிசையில் சொல்வார்.

எண்பத்தேழில் மரமண்டிக் கணக்கர் கொலை.
கால்வாய்ச் சேற்றில் ஒரு காலர்,
உள்மடிப்பில் சிவப்பு நூலில் மூன்று தையல்.
அதைப் பிடித்து ஆளைப் பிடித்தார்.
கழுகுக்கண் என்று பத்திரிகை எழுதியது.
யார்க்கில் தூக்கு.
பேரேட்டில் நான் என்ன எழுதினேன் என்று
சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வு நாளில் கறுப்புப் பளிங்குக் கடிகாரம்,
கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயர்,
எழுத்துப்பிழையில்லாமல்.
மேயர் பேசி முடிப்பதற்குள்
ஏழு நிமிஷம் பின்தங்கிவிட்டது அது.

அடுத்த பிப்ரவரியில்
விளக்கேற்றிய பிறகு வந்து நின்றார்.
எண்பத்தேழின் பேரேடு வேண்டும் என்றார்.
பென்ஷன்காரருக்குக் கொடுக்கக் கூடாது;
கொடுத்தேன்.
பூட்ஸைக் கழற்றவில்லை.
பக்கத்தைப் புரட்டி, வரியில் விரல் வைத்து,
“இங்க ஒரு பேர் எழுதணும்” என்றார்.

சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டவளாம்.
தையல் தன்னுடையது, காலர் இன்னாருடையது என்று
பின்வாசலில் வந்து சொன்னாளாம்.
பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்தார்.
வரவில்லை, அதில் குறையில்லை.
ஆனால் கோர்ட்டில் காலரை உயர்த்திக் காட்டிய அன்று
ஊருக்கே தெரிந்துபோயிற்று அந்தச் சிவப்பு நூல்.
அந்தக் கூடத்தில் ஊசி பிடிப்பவர்கள் இரண்டே பேர்.
தூக்கில் போனவனுக்கு மூன்று தம்பிகள்.
கன்னம் கிழிந்து, வேலையும் போய்,
கிரிம்ஸ்பி பக்கமோ லீத் பக்கமோ
கப்பலேறிவிட்டாள்.

பேனாவை மையில் தோய்த்தார்.
“எலன்… எலைசா… ஹெஸ்டர்?”
மணிக்கட்டுத் தழும்பு நினைவிருந்தது.
கஞ்சி வாடை நினைவிருந்தது.
நீட்டிய ஷில்லிங்கை வாங்காமல்
முன்றானைத் துணியில் கை துடைத்துக்கொண்டே இருந்தது
நினைவிருந்தது.

என்னைப் பார்த்தார்.
எழுதியவன் நான்தானே.
“நீங்க சொல்லவே இல்லையே சார்.”

ஓரத்தில் ஒரு துளி மை விழுந்தது.
ஒற்றுத்தாளை நீட்டினேன், வாங்கவில்லை.
தொப்பியை மறந்து போய்,
திரும்பி வந்து எடுத்துப் போனார்.

பேரேட்டைக் கறைப்படுத்தியதாக
புதிய சூப்பரிண்டெண்டென்ட்
என் சம்பளத்தில் ஆறு பென்ஸ் பிடித்து
விளக்கம் கேட்டார்.
உட்கார்ந்தேன்.
கை தன்பாட்டில் ‘கிடைத்த’ என்று தொடங்கிவிட்டது.
அடித்தேன்.
படகு இரண்டாம் தடவை ஊதும்வரை
வேறு சொல் வரவில்லை.